தீபாவளி கழிந்து வளைகாப்பு

விருதுநகர் கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மகன் புகழேந்தி வாங்கிப் படித்தான். என் மருமகள் பொன்மணி பிரசவத்தில் செத்துப்போனதை விசாரிக்கிறார்களாம். கார்த்திகை நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு நானும் அவனும் வர வேண்டுமாம்.

“செத்ததுக்கப்புறம் என்னத்த விசாரிக்கப் போறாகளாம்?” என்றேன்.

“அந்த நர்ஸத்தான்யா விசாரிக்காக. கார்டுல ரெண்டு மாசம் தப்பா எழுதியிருக்கா. அதுக்கப்புறம் வந்து எட்டிக்கூடப் பாக்கல. அவ வந்து பாத்திருந்தா பொன்மணி இருந்திருப்பா. அவள வேலைய விட்டு எறக்காம நான் லாரியில கால் வைக்க மாட்டேன்.”

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் தப்பாக எழுதவில்லை. நான் சொன்னதை எழுதினாள். வராமலும் இருக்கவில்லை. இரண்டு தடவை கம்பெனி கேட்டுக்கே வந்தாள். இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியவன் நான். இது என் மகனுக்குத் தெரியாது. அவள் வேலை நிற்பதும் போவதும் என் வாயில் இருந்தது. மகன் இனி என் முகத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் அதே வாயில்தான் இருந்தது.

நாரணாபுரம் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்கே இருபது வருஷம் லோடு ஏற்றினேன். இடுப்பு போன பிறகு, போர்மேன் கோட்டைச்சாமி கேட்டோரம் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு, “அண்ணாச்சி, இங்கன உக்காந்து காவலப் பாருங்க” என்றான். அன்றிலிருந்து நான் வாட்ச்மேன். உரசினால் பொறி வரக்கூடிய எதுவும் உள்ளே போகக் கூடாது. பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் ஆம்பளைகளிடம் வாங்கிவைப்பேன். பொம்பளைகளிடம் கொலுசு, மெட்டி, ஊக்கு, கொண்டை ஊசி, வளையல். கண்ணாடி வளையலும் கூடாது. உடைந்து ஒரு சில்லு வெடிமருந்துக்குள் விழுந்தால் போதும், ரூமே போய்விடும். காலையில் என் மேசையில் இருக்கிற தட்டு நிறைந்துவிடும். சாயங்காலம் அவரவர் பொருளை அவரவர் எடுத்துப் போவார்கள். ஒரு ஊக்கு குறைந்தாலும் என் தலையை உருட்டுவார்கள்.

பொன்மணி நாலாம் நம்பர் ரூமில் சரம் பின்னுகிறவள். வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து நீளமாகப் பின்ன வேண்டும். அவள் கை ஓடுகிற ஓட்டத்துக்கு அந்த ரூமில் மற்ற மூன்று பேரும் மூச்சு வாங்குவார்கள். கலியாணமாகி நாலு வருஷம் வயிறு திறக்கவில்லை. தைப்பொங்கலுக்கு மகன் வடக்கேயிருந்து வந்து எட்டு நாள் வீட்டில் இருந்தான். அதற்குப் பிறகு அவள் தீட்டுக்குக் குளிக்கவில்லை.

சித்திரை கடைசியில் ஒரு காலைப்பொழுது கோட்டைச்சாமி என் சேருக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணாச்சி, பொன்மணி உண்டாயிருக்காளாமே?”

“ஆமா.”

“எத்தன மாசம்?”

“நாலு.”

அவன் விரலை மடக்கினான். “ஆவணியில ஏழு. ஏழுல நீங்க வளைகாப்பப் போடுவீக. வளையலப் போட்டுட்டா பிள்ள பெறுற வரைக்கும் கழட்ட மாட்டாக. வளையலோட உள்ள வர முடியாது. சீசன் நட்டநடுவுல நாலாம் நம்பர் ரூம் படுத்துருமே.”

“அதுக்கு?”

“ரெண்டு மாசம் கம்மியாச் சொல்லிக்கிருங்க. அம்புட்டுத்தான். வளைகாப்ப தீபாவளி கழிச்சு ஒம்பதாம் மாசத்துல வச்சிக்கிருவோம்னு சொல்லுங்க. ஆயுத பூஜையோட லோடு முடிஞ்சிரும். அன்னிக்கே அவள நிப்பாட்டிருங்க. யாருக்கு நட்டம்?” என் சேரின் கையைத் தட்டினான். “இந்தச் சேருக்கு எத்தன பேரு வந்து நிக்கான் தெரியுமா? நான் அண்ணாச்சி இருக்காகன்னு சொல்லித் தொரத்திக்கிட்டு இருக்கேன்.”

நான் தலையை ஆட்டினேன். அவன் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நாலு வார்த்தை வைதிருப்பேன்.

அந்த வாரமே நர்ஸ் சொர்ணலட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் வீடுவீடாக வயிற்றுப்பிள்ளைக்காரிகளைக் கணக்கெடுக்கிற நர்ஸ். டி.வி.எஸ். வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நோட்டை விரித்தாள்.

“கடைசியா எப்ப குளிச்சே பொன்மணி?”

பொன்மணி வாயைத் திறப்பதற்குள் நான் உள்ளேயிருந்து சொன்னேன். “மாசி மகத்துக்குக் குளிச்சா.”

பொன்மணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “ஆமாக்கா” என்றாள்.

நர்ஸ் வயிற்றில் கையை வைத்து அழுத்தினாள். “வயிறு கூட இருக்கே தாத்தா.”

“எங்க வீட்டுல பிள்ளைக பெருசாத்தான் இருக்கும்.”

“பொம்பள தேதிய நீங்க சொல்லுறீங்க. அதுவே எனக்கு ஆச்சரியமா இருக்கு” என்று சிரித்தாள். “ஒரு ஸ்கேன் எடுத்துட்டா நல்லது. கூட்டிட்டுப் போங்க.”

கூட்டிப்போகவில்லை. கோட்டைச்சாமி சொன்னதற்காக மட்டும் இல்லை. எனக்கு அந்த வெள்ளைச் சேலைக்காரிகளைக் கண்டாலே ஆகாது. என் பெண்டாட்டி அய்யம்மாளை எண்பத்து மூன்றில் ஒரு நர்ஸ்தான் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள். குடும்பக்கட்டுப்பாடு கேம்ப். ஒரு கட்டிடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வரிசையாக அறுத்தார்கள். கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து செத்தாள். அதற்கு எவனும் என்னைத் தாள் அனுப்பிக் கூப்பிடவில்லை. ஆகையால் நர்ஸிடம் பொய் சொன்னது எனக்கு உறுத்தவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால்தான் உறுத்தியிருக்கும்.

ஆவணியில் பொன்மணியின் அம்மா மாடத்தி ஆலங்குளத்துப் பக்கமிருந்து வந்தாள். கையில் ஒரு பை. மகளை நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தாள்.

“அண்ணே, அஞ்சு மாச வயிறா இது?”

“ரெட்டையோ என்னமோ.”

“எங்கடி பாப்போம், நீ சொல்லு. எத்தனடி?”

“அஞ்சுதாம்மா” என்றாள் பொன்மணி. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னாள். உண்மை தெரிந்தால் மாடத்தி அன்றைக்கே வளையலைப் போட்டு ஊருக்குக் கூட்டிப்போய்விடுவாள். தலைப்பிள்ளை பெறுவது தாய்வீட்டில்தானே.

“நான் ஏழுன்னுல்ல நெனச்சு வளையல் வாங்கிட்டு வந்தேன்” என்று மாடத்தி பையைத் திறந்து காட்டினாள். பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன். பொன்மணி ஒன்றை எடுத்துக் கையில் ஏற்றப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்பப் பையில் வைத்துவிட்டாள்.

“தீபாவளி கழிஞ்சு போடுவோம் தங்கச்சி. சீசன்ல லீவு தரமாட்டாக” என்றேன்.

“நல்ல சீசனு போங்க. எங்க ஊர்ல மாட்டுக்குக்கூட செனையில ஏரு பூட்ட மாட்டாக” என்றாள் மாடத்தி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

புரட்டாசி பிறந்தது. நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்தால் பூட்டுத்தான் தொங்கும். காலை ஏழரைக்குப் போனால் இருட்ட வருகிறோம். ஒரு நாள் அவள் கேட்டுக்கே வந்துவிட்டாள். தோளில் பை, பைக்குள் ரத்தக்கொதிப்பு பார்க்கிற பெட்டி.

“தாத்தா, மூணு வாட்டி வீட்டுக்குப் போயிட்டேன். பொன்மணிக்குப் பி.பி. பாக்கணும். உள்ள விடுங்க.”

“அந்தப் பெட்டி இரும்பு. உள்ள போகாது.”

“அப்ப அவள வெளிய கூப்பிடுங்க. அஞ்சு நிமிஷம்.”

“சீசன் நேரம். எந்திரிச்சு வர முடியாது.”

“ஒன்னுக்கு வரமாட்டாளா தாத்தா? அப்ப வரட்டும்.”

“பீடி குடிக்கிறவனையே உள்ள விட மாட்டேன். ஊசி குத்துறவள விடுவனா? போம்மா.”

போனாள். புரட்டாசி பதினெட்டில் மறுபடியும் வந்தாள். அன்றைக்கு உள்ளே விடச் சொல்லிக் கேட்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

“ரெண்டே கேள்வி. அவளுக்குக் கால் வீங்குதா? தலைவலின்னு சொல்றாளா?”

வீங்கியது. செருப்பு நுழையாமல் ஒரு வாரமாக வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தாள். நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்தால் வீங்காதா? தலை வலிக்கிறது என்று முந்தின நாள்தான் சொன்னாள். “மாமா, கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குன்னு பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு” என்றாள். கந்தகமும் அலுமினியப் பவுடரும் மூக்கில் ஏறினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? இந்தப் பக்கத்தில் தலை வலிக்காத பொம்பளை யார் இருக்கிறாள்? “வாழப்பழத்தத் தின்னுட்டுப் படு தாயி, மருந்து நெடிதான்” என்று சொன்னேன். தின்றாள். வாந்தி எடுத்தாள்.

நர்ஸிடம், “அதெல்லாம் ஒன்னுமில்ல. கல்லு மாதிரி இருக்கா” என்றேன்.

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வண்டியில் ஏற்றியிருப்பாள். ஆயுத பூஜைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. பதினைந்து நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நாலு நாளில் ஆனது.

புரட்டாசி இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி இருக்கும். உள்ளேயிருந்து ஒரு பொம்பளை தலைமுடி அவிழ ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, இரும்பு! இரும்பு ஏதாச்சும் குடுங்க! ஒரு பிள்ளைக்கு வெட்டு இழுக்குது!”

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கம்பெனிக்குள் ஒரு ஆணி கிடையாது. இரும்பு வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். தட்டில் கிடந்ததெல்லாம் ஊக்கும் கொண்டை ஊசியும். இடுப்பில் இருந்த சாவிக் கொத்தை அவிழ்த்துக் கொடுத்தேன். கனமான கொத்து. வாங்கிக்கொண்டு ஓடினாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்லப் பயந்தாளோ, மூச்சு வாங்கியதோ. நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வலிப்பு கிடையாது. ஏதோ ஒரு பிள்ளை என்று சேரில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே வேப்பமரத்தடியில் படுக்கவைத்து, இரும்பைக் கையில் திணித்து, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். நின்றுவிட்டது, சூட்டுவலிதான், ஏழு மாதத்தில் இப்படி வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். எல்லாருக்கும் ஏழு மாதம். நான் சொன்ன ஏழு மாதம். அரைமணி நேரம் கழித்து மறுபடி இழுத்திருக்கிறது. அப்போதுதான் கோட்டைச்சாமி கம்பெனி வேனை எடுக்கச் சொல்லியிருக்கிறான்.

வேன் கேட்டுக்கு வந்து ஹாரன் அடித்தது. கேட் பூட்டியிருந்தது. சீசனில் எப்போதும் பூட்டுத்தான். உள்ளே இருக்க வேண்டியதைவிட ஆள் கூட இருக்கும். அதிகாரி எவனாவது திடீரென்று நுழைந்துவிடக் கூடாதே.

“தெறங்க அண்ணாச்சி! தெறங்க!” என்று கோட்டைச்சாமி முன்சீட்டிலிருந்து கத்தினான்.

இடுப்பைத் தடவினேன். “சாவி உள்ள போயிருச்சு.”

“எங்க போயிருச்சு?”

“வலிப்பு வந்த பிள்ள கையில குடுத்தாக.”

கோட்டைச்சாமி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அந்தப் பிள்ள பின்னாடிதான் கெடக்கு. எடுத்துக்கிருங்க” என்றான்.

வேனின் பின்கதவைத் திறந்தேன்.

பொன்மணி கிடந்தாள். இரண்டு பொம்பளைகள் காலைப் பிடித்திருந்தார்கள். நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம். கண் மேலே போய்விட்டது. கையெல்லாம் வெள்ளிப் பவுடர். வலது கையில் என் சாவிக் கொத்து. என்னவோ அதை விட்டால் விழுந்துவிடுவாள் போல அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஏத்தா, விடு தாயி. கேட்டத் தெறக்கணும் தாயி, விடு” என்று கெஞ்சினேன். அவளுக்கு எங்கே கேட்கும்? ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். சுண்டுவிரலைப் பிரித்தால் மோதிரவிரல் மூடிக்கொள்ளும். லோடு தூக்கிய கை எனக்கு. அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. வேன் பின்னால் இரண்டு லோடு வண்டிகள் வந்து நின்று ஹாரன் அடித்தன. கடைசியில் பொம்பளை ஒருத்தி அவள் மணிக்கட்டை அழுத்தினாள். நான் உருவினேன். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

கேட்டைத் திறந்தேன். வேனில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில், “எத்தன மாசம்?” என்று கேட்டார்கள். கோட்டைச்சாமி பழக்கத்தில், “ஏழு” என்றான். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

உடனே அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. இரண்டே முக்கால் கிலோ. தொண்டை கிழிய அழுதது. டாக்டர் வெளியே வந்து, “யாருய்யா ஏழு மாசம்னு சொன்னது? இது நெறமாசப் பிள்ள” என்றார். ரத்தக்கொதிப்பு ஏறி மூளைக்குள் ரத்தம் உடைந்துவிட்டதாம். ஒரு மாதமாக ஏறியிருக்கும், தலை வலித்திருக்குமே, கால் வீங்கியிருக்குமே என்று கேட்டார். பொழுது இறங்குகிற நேரத்தில் பொன்மணி போய்விட்டாள்.

மகன் இந்தூரிலிருந்து லாரியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ரயிலேறி வந்தான். வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வீட்டில் கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தான். கார்டுக் கணக்குப்படி நிறைமாதப் பிள்ளைக்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. “இவ கண்ண மூடிக்கிட்டு எழுதியிருக்காய்யா” என்று கார்டை என் முன்னால் ஆட்டினான். அப்போது சொல்லியிருக்கலாம். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

பிள்ளையை மாடத்தி தூக்கிப்போனாள். பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. போகும்போது அந்த வளையல் பையை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விருதுநகருக்குப் போவதற்கு முந்தின நாள் கோட்டைச்சாமி வந்தான். “அண்ணாச்சி, கேட்டுக்கு நர்ஸ் யாரும் வரலன்னு கம்பெனி லெட்டர் குடுத்தாச்சு. நீங்களும் அதையே சொல்லிருங்க. செத்தது செத்துப்போச்சு. இருக்கிறவுக பொழைக்கணும்ல.”

நான் சரி என்றேன்.

கலெக்டர் ஆபீஸ் மாடியில் ஒரு நீள மேசை. கலெக்டர் வரவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பெரிய டாக்டரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாலைந்து டாக்டர்கள். எங்களுக்கு டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள். சொர்ணலட்சுமிக்கு நாற்காலி போடவில்லை. சுவரோரம் நின்றாள். ஒன்றரை மாதத்தில் பாதியாகிப் போயிருந்தாள்.

டாக்டரம்மா அவள் நோட்டைப் புரட்டினார். “எதிர்பாக்குற பிரசவத் தேதி டிசம்பர் பத்துன்னு எழுதியிருக்கீங்க. அக்டோபர் ஒம்பதுல நெறமாசப் பிள்ளை பொறந்திருக்கு. எப்படி?”

“அவங்க சொன்ன தேதிங்க மேடம். எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. ஸ்கேனுக்கு எழுதிக் குடுத்தேன்.”

“ஆகஸ்டுக்கு அப்புறம் ஒரு பி.பி.கூட இல்லையே?”

“வீடு பூட்டியிருந்துச்சுங்க. கம்பெனிக்கே ரெண்டு தடவ போனேன். கேட்டுல விடல. எழுதியிருக்கேன் பாருங்க.”

“வரவே இல்லைன்னு கம்பெனி லெட்டர் குடுத்திருக்கு. வீட்டுக்காரர் மனுவும் அதையே சொல்லுது. எந்தத் தேதியில என்ன வேணா எழுதிக்கலாம். கேட்டுல யாரு விடல? ஆள் பேரு என்ன?”

சொர்ணலட்சுமி என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, “யாரோ வாட்ச்மேன்ங்க. பேரு தெரியாது” என்றாள்.

என் பெயர் சோணைமுத்து என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கார்டில் அவள் கையால் எழுதிய பெயர்தான். மருமகளைப் பறிகொடுத்த வீடு என்று விட்டாளோ, என் மகன் பக்கத்தில் இருக்கிறானே என்று விட்டாளோ. எதுவானாலும், என்னைக் காப்பாற்றிவிட்டாள். ஒரு வெள்ளைச் சேலைக்காரி என்னைக் காப்பாற்றுவதா? எனக்கு உடம்பு எரிந்தது. நல்லவனாகிச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த எரிச்சலில்தான் எழுந்தேன்.

“நான்தான் அந்த வாட்ச்மேன். அந்தம்மா வந்தா. ரெண்டு வாட்டி வந்தா. நான்தான் விடல.”

மகன் என் கையைப் பிடித்தான். “யாருக்காக பொய் சொல்லுறீக? எவன் என்ன சொன்னான்?”

“யாருக்காகவும் இல்லலே. தேதியும் நான்தான் மாத்திச் சொன்னேன். மார்கழியில குளிச்சவள மாசின்னு சொன்னேன். சீசன் முடியிற வரைக்கும் வளையல் போடக் கூடாதுன்னு சொன்னேன். தல வலிக்குதா, கால் வீங்குதான்னு அந்தம்மா வந்து கேட்டா. ஒன்னுமில்லன்னேன். இருந்துச்சு. எனக்குத் தெரியும்.”

சாவியையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் கையை அவன் எப்போது விட்டான் என்று எனக்குத் தெரியவில்லை.

மேசை மேல் ஒரு அச்சடித்த தாள் இருந்தது. டாக்டரம்மா பேனாவை எடுத்து ஒரு கட்டத்தில் கோடு போட்டார். “குடும்பத்தார் முடிவெடுக்கத் தாமதம்” என்று பக்கத்து டாக்டரிடம் மெதுவாகச் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார்.

“கம்பெனிய எங்கன எழுதுறீக?” என்றேன்.

“பெரியவரே, இது தாய் மரணத்துக்கான படிவம். கம்பெனிக்கு இதுல எடம் இல்ல. தொழிற்சாலைகளைப் பாக்கிறவங்களுக்குத் தனியா எழுதணும்.”

“எழுதுவீகளா?”

“எழுதுவோம்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த தாளை எடுத்தார். அடுத்த தாள் வேறு ஊர்ப் பொம்பளை. அவள் வீட்டார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சொர்ணலட்சுமியைப் பார்த்து, “கேட்டோட திரும்பி வந்தது உங்க தப்பு. அன்னிக்கே மேல சொல்லியிருக்கணும். மெமோ வரும், பதில் குடுங்க. வேலைக்கு ஒன்னும் ஆகாது” என்றார். டீ ஆறிப்போயிருந்தது.

வெளியே வராந்தாவில் மகன் தூண் பக்கம் போய் நின்றுகொண்டான். முதுகுதான் தெரிந்தது. சொர்ணலட்சுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

“தலவலி இருக்கான்னு கேட்டேன்ல தாத்தா” என்றாள்.

“கேட்ட.”

“ஆமான்னு ஒரு வார்த்த.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு நோட்டை எடுத்தாள். எனக்கு அது விளங்கவில்லை. அந்த நேரத்தில் எதற்கு நோட்டு?

“பிள்ள எங்க இருக்கு?”

“மாடத்திட்ட. ஆலங்குளத்துப் பக்கம்.”

“நாப்பத்தஞ்சாம் நாள் ஊசி போடணும். தாயில்லாப் பிள்ள, பாலும் இல்ல, ஊசியும் விட்டுப்போச்சுன்னா அதுவும் நிக்காது. அங்க இருக்கிற சிஸ்டருக்கு நான் போன் போட்டுச் சொல்றேன். பொறந்த தேதியச் சொல்லுங்க.”

நான் வாயைத் திறந்தேன்.

“அவர்ட்ட கேக்காதீங்க சிஸ்டர்.”

மகன் தூணை விட்டு வந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் பஸ்ஸில் வரும்போது அவளை வேலையை விட்டு எறக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று சொன்னவன், இப்போது அவள் நோட்டைக் குனிந்து பார்த்தான்.

“அக்டோபர் ஒம்பது. செவ்வாக்கிழம. மத்தியானம் ஒன்னு இருபதுக்குப் பொறந்துச்சு. பாட்டி பேரு மாடத்தி. எழுதிக்கிருங்க. நானே கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வாரேன். இனிமே எதுவா இருந்தாலும் என்னையக் கேளுங்க. அவரு சொன்ன தேதி எதையும் எழுதிராதீங்க.”

அவள் எழுதினாள். எழுதியதை அவனிடம் திருப்பிக் காட்டினாள். அவன் ஒரு தடவை படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

நான் சொல்ல வந்ததும் அதே தேதிதான்.